கம்பா, கையா, காலா

டீக்கடைத் தகரத்துக்குக் கீழே, குடையை விரிக்கவும் மனசில்லாமல் மடக்கவும் மனசில்லாமல் நின்றாள் உலகம்மாள். சாரல் பெய்வதும் பெய்யாததுமாக இருந்தது. தென்காசிச் சாரலுக்கு அதுதானே குணம், ஆளை நனைத்தும் விடும், நானா நனைச்சேன் என்று கேட்டும் விடும். எதிரே அந்த காம்ப்ளக்ஸ். வீடுவீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுக்கிறவளுக்கு எந்தக் கட்டடமும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மீட்டர் பெட்டியில்தான் தொடங்கும். இந்தக் கட்டடத்தை அவள் இத்தனை வருசமாகக் கீழே குனிந்து பார்த்திருக்கிறாளே தவிர மேலே ஏறிப் பார்த்ததில்லை. முதல் மாடி பாக்ஸிங் ஜிம், ஏசி போட்டுக்கொண்டு குத்துகிறவர்கள், யூனிட் எகிறும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கராத்தே, ரெண்டு டியூப் லைட்டும் ஒரு ஃபேனும்தான் இருக்கும்போல, மீட்டர் பாவமாக ஓடும். பின்னால் காலி மனையில் சிலம்பம், அதற்கு மீட்டரே கிடையாது, வெளிச்சம் இருக்கிறவரைக்கும் சுற்றுவார்கள், மங்கினால் கம்பைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த மூன்றில் ஒன்று. இன்றைக்கே. ஏனென்றால் நாளைக்கு மங்கை நகர் ரூட்டு. ஏட்டி உலகு, நாப்பது தாண்டுன பொம்பள, பிளஸ் டூ படிக்கிற மகள வச்சிருக்கவ, ஒத்தச் சாயங்காலத்துல என்னத்தப் படிச்சிக் கிழிக்கப் போற? கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவ வானம் ஏறி வைகுண்டம் போனாளாம். இல்ல இல்ல, எனக்கு வைகுண்டம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு போதும். மணிக்கட்ட ஒருத்தன் பிடிச்சா உதறுததுக்கு ஒரு வித்தை. அத மட்டும் சொல்லிக் குடுத்தா போதும், கும்பிட்டுட்டு வந்திருவேன். இடது மணிக்கட்டை வலது கை பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். சட்டென்று விட்டாள். இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, பஸ்ஸில், படுக்கையில், அரிசி களையும்போதுகூட.

சிலம்பம்தான் முதலில் நினைத்தது. கம்பு என்றால் தூரம், தூரம் என்றால் பத்திரம், கிட்டவே வர விடாமல் விளாசலாம், அது நல்லதுதானே. ஆனால் கம்பைத் தூக்கிக்கொண்டா ரீடிங் எடுக்கப் போவது? ஒரு தோளில் பை, ஒரு கையில் மெஷின், இன்னொரு கையில் ஆள் உசரத்துக்கு மூங்கில் கம்பு, எங்க ஈபிக்காரம்மா, மாடு மேய்க்கவா என்று தெருவே சிரிக்கும். போன வாரம் வேலி ஓரமாக நின்று பார்த்தாள். கம்பு காற்றில் விஸ்ஸு விஸ்ஸென்று போட்ட சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொண்டாள், வேலிக்கு வெளியே நிற்கிறவளை எந்தக் கம்பு அடிக்கப் போகிறது, இருந்தாலும் மூடிக்கொண்டாள். கண்ணை மூடுகிறவளுக்கு எதற்கு வித்தை? பாக்ஸிங் என்றால் குத்து. குத்துவதற்கு முந்தி குத்து வாங்கப் பழகணுமாம், போனில் ஒரு பெண் வீடியோவில் சிரித்துக்கொண்டே சொல்லுகிறாள், அவளுக்கு என்ன, மூக்கு எஃகில் செய்ததாக இருக்கும். இவளுக்கு மூக்குத்தியே போன தையில்தான் குத்தியது, அதற்கே பத்து நாள் சீழ். மேலும் அந்த ஜிம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடி முழுக்க இளவட்டங்கள், நடுவில் இவள் நைந்த சுடிதாரில் நின்றுகொண்டு, ஐயோ, வேண்டாம் தாயி. வர்மம் என்று ஒன்று இருக்கிறது, ஒரே விரலால் தொட்டு ஆளைச் சாய்த்துவிடலாம் என்கிறார்கள், அதைக் கேட்டதும் வாயில் எச்சில் ஊறியது இவளுக்கு. குற்றாலம் ரோட்டில் ஆசான் ஒருவரிடம் விசாரித்தும் பார்த்தாள். கோவத்துல வாறவியளுக்கும் பயத்துல வாறவியளுக்கும் சொல்லிக் குடுக்கது இல்லம்மா, ஒரு வருசம் எண்ணெய் தேய்க்கப் பழகுங்க, பொறுமை இருக்கான்னு பாக்கணும் என்று அவர் சொல்லிவிட்டார். பயம் இல்லாதவ எதுக்குய்யா வாறா? பயம் இல்லாதவ வீட்ல சீரியல் பாத்துக்கிட்டுக் கிடப்பா. இதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரிங்கய்யா, வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கே போனாலும் இதுதான், சரிங்க, வாரேன். அந்த வீட்டிலும் இதைத்தான் சொன்னாள். வாரேன் சார்.

அதை நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா, அது கழுதை, வேண்டாம் என்கிற பக்கம்தான் இழுக்கும். மங்கை நகரில் கடைசி வரிசை, வெளிர்ப்பச்சை வீடு, பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், பேங்க் சார் என்றுதான் எல்லாருக்கும் தெரியும், பேர் யாருக்கும் தெரியாது. கோயில் கொடைக்கு நன்கொடை எழுதுகிறவர், நெற்றியில் பட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. சம்சாரம் பேரன் பிறந்ததுக்கு பெங்களூர் போயிருக்கா என்று அவராகவே சொன்னார், யார் கேட்டது? போர்டிகோவைச் சுற்றிப் புதுசாக கிரில் அடித்திருந்தார், மீட்டர் கிரில்லுக்கு உள்ளே போய்விட்டது. வாசலில் நாற்காலி போட்டு முன்கூட்டியே உட்கார்ந்திருந்தார். உள்ள வாம்மா. இவள் உள்ளே போனதும் கிரில்லை இழுத்துக் கொண்டியைப் போட்டார். நாய் ஓடிரும்மா, அதான். இவளும் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு மீட்டரைப் பார்த்தாள். நாய். ஏய் கூமுட்ட, நாய்! இத்தனை வருசமாக இந்த ரூட்டில் நடக்கிறவள், எந்த வீட்டில் என்ன நாய், எது குரைக்கும், எது குரைக்காமல் வந்து கெண்டைக்காலைக் கவ்வும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிறவள். அந்த வீட்டில் நாயே கிடையாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினாள். அப்புறம் அவர் கிட்டே வந்தார், காப்பி குடிக்கியா என்றார், வேண்டாம் சார் என்றாள், வெயில்ல அலையுத பிள்ள என்று சொல்லி மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தார், மெதுவாக, நாடி பார்க்கிறவர் மாதிரி, பேச்சை மட்டும் நிறுத்தவில்லை, மழை எப்ப வரும், அணையில தண்ணி எம்புட்டு. இவள் நின்றாள். கத்தலாம் என்று நினைத்தாளா? நினைத்தாள். வாயைத் திறந்தாள். தொண்டையில் இருந்து வெறும் காற்றுதான் வந்தது. கையை இழுத்தாளா? இழுக்கவில்லை, கை அவளுடையது மாதிரியே இல்லை, யாரோ கழற்றி அவரிடம் கொடுத்த மாதிரி இருந்தது. ரீடிங்கை எழுதினாள், பிடிபட்டது இடது கை, எழுதுவது வலது கை, வேலை நடக்கிறது பாருங்கள், ரீடிங் அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தெருவில் ஒரு ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது, அவர் கையை விட்டார், கொண்டியை எடுத்தார், சிரித்தார். அடுத்த தடவையும் நீதான வருவ? வாரேன் சார். இதை யாரிடம் சொல்வது? வீட்டுக்காரர் மாடசாமியிடம் சொன்னால் மறு பேச்சுக் கிடையாது, பரணில் இருந்து அருவாள் இறங்கும், அப்புறம் அவர் ஜெயிலில், இவள் கோர்ட்டில், மகள் நடுத்தெருவில். கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னால், கையைத்தானே பிடிச்சாரு என்பார்கள். ஆமாம், கையைத்தான் பிடித்தார். அதற்குத்தான் இரண்டு மாதமாக இவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு மறுபடியும் அந்தக் கொண்டி. லீவு போடலாம், போட்டால் அடுத்த தடவை இல்லையா? ரூட்டை மாற்றிக் கேட்கலாம், ஏன் என்று கேட்டால்? வேறு ஒருத்தி அந்த ரூட்டுக்குப் போவாளே, புதுசாகச் சேர்ந்திருக்கிற சின்னப்பிள்ளை, அவள் கை? இவள் டீக்குக் காசு கொடுத்துவிட்டு டீயைக் குடிக்காமல் ரோட்டைக் கடந்தாள். காரணம் ஒன்றும் பெரிசாக இல்லை. நின்றால் இன்னும் நினைப்பு வரும், அவ்வளவுதான்.

முதல் மாடியைத் தாண்டும்போது தொம் தொம்மென்று தோல் பையில் விழுகிற குத்து. ஒவ்வொன்றுக்கும் இவள் தோள் தன்னால் ஒடுங்கியது. நில்லாமல் ஏறினாள். பாக்ஸிங்கும் கழிந்தது, சிலம்பமும் கழிந்தது, கடைசியில் எது கிடைத்ததென்றால் எது மிச்சமோ அது. மொட்டை மாடி வாசலில் குட்டிக்குட்டிச் செருப்புகள். தன்னுடையதைக் கழற்றி மூக்கு படியைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தாள், ஓடுவதாக இருந்தால் காலை நுழைத்ததும் ஓடலாம். கரெக்டா வச்சிருக்கீகளே, இங்க இப்படித்தான் வைக்கணும்னு பிள்ளைகள்ட்ட நான் தெனமும் கத்துதேன் என்று ஒரு குரல். நிமிர்ந்தால் மாஸ்டர். மாஸ்டர் என்றதும் மீசையும் தொப்பையுமாக ஒருவரை நினைத்து வைத்திருந்தாள் இவள். நிற்பதோ இருபத்திச் சொச்சம் வயசில் ஒரு பெண், முக்காட்டை வெள்ளை யூனிஃபார்ம் காலருக்குள் இறுக்கிச் செருகி, இடுப்பில் கறுப்புப் பட்டை. ஷமீமா என்று பெயர் சொன்னாள். புதுசாச் சேர வந்த அக்காவா? உள்ள வரும்போது குனிஞ்சி வணக்கம் வச்சிட்டு வாங்க. உலகம்மாள் கோயிலில் நுழைகிற மாதிரி கையைக் கூப்பிக் கன்னத்திலும் போட்டுக்கொண்டாள், பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரித்தன. மூஞ்சி தீயாக எரிந்தது. எதுக்குக்கா சேருறீக என்று ஷமீமா கேட்டாள். உடம்பு கொறையத்தான் என்றாள் இவள், கேட்பதற்கு முன்னாலேயே பதில் தயாராக இருந்தது. ஷமீமாவின் பார்வை ஒரு கணம் கீழே போயிற்று, அங்கே இடது மணிக்கட்டை வலது கை பிடித்துக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டாளோ? கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மாஸ்டர், இந்தக் கைய ஒருத்தர் பிடிச்சா உதறுதது எப்படி, அத மட்டும் இன்னைக்குச் சொல்லிக் குடுங்களேன் என்று கேட்டே விட்டாள், கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், உடம்பு குறைக்க வந்தவள் கேட்கிற கேள்வியா இது. ஷமீமா சிரிக்கவில்லை. அது மூணாவது மாசத்துலதான்க்கா வரும், இன்னைக்குக் காட்டினா நாளைக்கு மறந்திரும், மறந்துட்டோம்னு தெரிஞ்சா பயம் ரெட்டிப்பா வரும். போய் வரிசையில நில்லுங்க, வெள்ளைப் பெல்ட்டு எல்லாருக்கும் கடைசியில. மூணாவது மாசம்! இவளுக்கு விடிந்தால் வேண்டும். இத்தனை பயந்து இத்தனை படி ஏறி வந்தது பல்லி மிட்டாய் தின்கிற பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கத்தானா? இறங்கிப் போய்விடலாமா, செருப்பு தயாராகத்தான் இருக்கிறது. கால் நகரவில்லை. அந்த வீட்டிலும் இந்தக் கால் நகரவில்லை, அப்போது அது துரோகம், இப்போது என்னவென்று தெரியவில்லை. போய்க் கடைசியில் நின்றாள்.

குதிரை மேல் உட்காருகிற மாதிரி காலை அகட்டி நிற்கச் சொன்னாள் ஷமீமா. தொடை நடுங்கியது, முட்டி கடகடத்தது, தகரத்தின் மேல் சாரல் சடசடத்தது. பிள்ளைகள் ஒவ்வொரு குத்துக்கும் ஹேய் என்று கத்தின, அத்தனையும் அரைப்படி உசரம், தொண்டை மட்டும் பனை உசரம். உலகம்மாள் கையை நீட்டினாள், வாயைத் திறந்தாள், காற்று. அதே காற்று. ஐயோ, இங்கேயுமா? பேங்க் சார் இல்லாத இடத்திலுமா? அக்கா, சத்தம் வரலியே. மறுபடியும் காற்று, கொஞ்சம் எச்சிலும். அடி அப்புறம்தான்க்கா, சத்தம்தான் மொதல்ல, வயித்துல இருந்து வரணும். வயிற்றில் என்ன இருக்கிறது மாஸ்டர், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், வயிறு பூராவும் கிரில்லும் கொண்டியும்தான் கிடக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பிள்ளைகள் பார்க்கின்றன. எனக்கு வராது மாஸ்டர், பொறவிலேயே எனக்குக் கத்த வராது என்றாள். பொய் சொல்லாதீக, கத்தாத பொம்பள உண்டா? தெனமும் எப்படிக் கத்துவீகளோ அப்படிக் கத்துங்க, ஹேய்யின்னுதான் கத்தணும்னு இல்ல என்றாள் ஷமீமா. தினமும் எப்படிக் கத்துவேன்? மகளை எழுப்பும்போதுகூடத் தட்டித்தான் எழுப்புவேன். புருசனை ஏங்க என்பேன், அதுவும் அவருக்குக் கேட்காது. தினமும் எங்கே கத்துகிறேன்? கண்ணை மூடினாள், கம்பு விஸ்ஸென்றது, கிரில் இழுபட்டது, நாய் ஓடிரும்மா, கட்டைவிரல், அணையில தண்ணி எம்புட்டு, அந்த வாசல், அந்த நாற்காலி, முன்கூட்டியே திறந்து கிடந்த அந்த கேட். எந்த கேட்டுக்கு முன்னால் நின்றாலும் செய்கிறதைத்தான் அவள் வயிறு அப்போது செய்தது. யோசிக்கவே இல்லை.

ஈபீ...!

தகரம் அதிர்ந்தது. பிள்ளைகளின் ஹேய் எல்லாம் அதற்கு முன்னால் பூனைக்குட்டிக் கத்தல். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன, ஒன்று தரையிலேயே உருண்டது. உலகம்மாளுக்கு மானம் போயிற்று. குத்த வந்த இடத்தில் ரீடிங் எடுக்கிறாளே பாவி! ஆனால் அதற்குள் கீழே என்னமோ ஆரம்பித்துவிட்டது. பின்தெருவில் ஒரு நாய் குரைத்தது, அதைக் கேட்டு இன்னொன்று. நாயப் புடிச்சிக் கட்டுல, ஈபிக்காரங்க வந்திருக்காவ என்று ஒரு ஆம்பளைக் குரல். கதவு திறந்தது, இன்னொரு கதவு, கைப்பிடிச் சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தால் ஒரு பொம்பளை நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெள்ளை அட்டையோடு வாசலில் நின்று தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்க்கிறாள். நேத்துத்தான எழுதிட்டுப் போனாவ? எங்கன நிக்காவ, ஆளக் காணோம்? பக்கத்து வீட்டிலும் ஒருத்தி, எதிர் வீட்டிலும் ஒரு தாத்தா. உலகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்தாள். இத்தனை வருசம் இந்தச் சத்தத்தை இவள் சத்தம் என்றே நினைத்ததில்லை, அது ஆபீஸ் சத்தம், நாயைக் கட்டுவதற்கும் அட்டையை எடுப்பதற்கும் போடுகிறது. அந்த வீட்டில்? அந்த வீட்டில் போடவில்லை. கேட் திறந்து கிடந்தது, அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், ஆள் எதிரே இருக்கும்போது என்னத்துக்குக் கத்துவது என்று பேசாமல் உள்ளே போனாள். அந்தச் சத்தம் ஒன்று போட்டிருந்தால் வரிசை வீடு பூராவும் வாசலில் நின்றிருக்கும். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, எது முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஷமீமா பக்கத்தில் வந்து நின்றாள். இதுதான்க்கா, இன்னொருக்க போடுங்க என்றாள். வேண்டாம் மாஸ்டர், கீழ அட்டைய வச்சிக்கிட்டு நிக்காவ பாவம் என்றாள் உலகம்மாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கடைசியில் போய் நின்றாள்.

மறுநாள் மங்கை நகரில் அவள் பயம் ஒரு இம்மியும் குறையவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வெளிர்ப்பச்சை வீட்டு கேட் திறந்து கிடந்தது, அவர் நாற்காலியில், அதே பட்டை, அதே மடிப்பு வேட்டி. வாம்மா, உள்ள வா என்றார். இவள் தெருவிலேயே நின்றாள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது, ஐயோ போச்சு, வரவில்லை, நேற்று வந்தது நேற்றோடு போச்சு. காலை அகட்டினாள், குதிரை மேல் உட்காருகிற மாதிரி, நடுத்தெருவில், யார் பார்த்தால் என்ன. ஈபீ...! எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவே, வாரேன் வாரேன் என்று ஒரு குரல். பேங்க் சார் எழுந்துவிட்டார். எதுக்கும்மா இந்தக் கத்து, நான் இங்கனதான இருக்கேன்? எதிர்வீட்டு அம்மா அட்டையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். உலகம்மாளுக்குக் குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனால் குறையவில்லை. நீங்க தெருவுக்கு வந்து நில்லுங்க சார், நான் உள்ள போய்ப் பாத்துக்கிடுதேன், கிரில்லு தொறந்தே கிடக்கட்டும், நாய் ஓடிரும்னு போன தடவ கொண்டி போட்டீகல்லா, அதப் புடிச்சிக் கட்டிட்டு வாங்க.

"நாயா?" என்றாள் எதிர்வீட்டு அம்மா. "சார் வீட்ல ஏதுக்கா நாய்?"

எதிர்வீட்டு அம்மா அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், இவள் இடது கையைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தாள், அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலை விட்டு இறங்கித் தெரு நடுவில் வந்து நின்றாள். அவரும் வெளியே வந்தார், வேட்டி நுனியைப் பிடித்தபடி, வெயிலில். உலகம்மாள் உள்ளே போய் ரீடிங் எடுத்தாள், எண் கோணலாக விழுந்தது, எழுதினாள். திரும்பும்போது வாரேன் என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டு கேட் முன்னால் போய் நின்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் நாய் இல்லை, ஆள் வேறு வாசலிலேயே நிற்கிறார், இருந்தாலும் கத்தினாள்.